அளவு மாதிரிப் போர் விமானம்: பொம்மையா, ஆவணமா, கைவினையா?

இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கை விரிவு 11.23 மீட்டர். அதை 72இல் ஒரு பங்காகக் குறைத்தால் 15.6 சென்டிமீட்டர் வரும். உறுப்புகளை ஒட்டி மாதிரியாக்கும் தொகுப்பான 'கிட்'டின் பெட்டியைத் திறந்தால் பாலிஸ்டைரீன் சட்டங்களில் ஒட்டியபடி சில பத்து உறுப்புகள், ஒரு குறிப்புத்தாள், சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட ஒரு டிகால் ஒட்டுத்தாள். நறுக்கி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி முடித்த பின் கையில் நிற்பது என்ன? சிறுவர் விளையாட்டுப் பொருளா, வரலாற்றைத் தாங்கும் ஆவணமா, கைவினைப் படைப்பா? அல்லது கொலைக் கருவியை வீட்டு அலமாரிக்கு ஏற்றதாக மாற்றும் பழக்கமா? ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக இக்கேள்விக்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

காஞ்சிபுரத்தில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்பதில் பொருள் உண்டு. தரப்பட்ட வடிவத்தைக் கையால் மீண்டும் உருவாக்குவதே இந்த ஊரின் பெரும்பாலான தொழில்களுக்கு அடிப்படை. பட்டுத்தறியில் வரைபடத்தைப் பார்த்து நெய்கிறார்கள். பொம்மைக்காரத் தெருவில் அச்சிலிருந்து கொலு பொம்மை எடுக்கிறார்கள். கைலாசநாதர் கோயில் விமானத்தின் தளங்களில் கோயில்களே சிற்றுருவங்களாக வரிசை கட்டி நிற்கின்றன. வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய அரக்கோணம் ஓடுதளம் இருக்கிறது. 1992 முதல் அது இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம். நகல், அளவு, கைத்திறன், போர் ஆகிய நான்கையும் இந்த ஊர் அருகிலிருந்து பார்த்திருக்கிறது.

கிட் பிறந்த கதை

பிரிட்டனில் 1932இல் வெளிவந்த 'ஸ்கைபேர்ட்ஸ்' மரக் கிட்கள்தாம் 1/72 என்னும் அளவை நிலைநிறுத்தின. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்பது அதன் கணக்கு. நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆள் ஓர் அங்குல உயரத்தில் அமைவார். 1936இல் 'ஃபிராக் பெங்குவின்' வரிசை முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன கிட்களைக் கொண்டுவந்தது. அவற்றின் மூலப்பொருளான செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் வளைந்து கோணும். போருக்குப் பின் பாலிஸ்டைரீன் அந்த இடத்தைப் பிடித்தது. ஹங்கேரியரான நிக்கோலஸ் கோவ் 1939இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953இல் தன் முதல் ஸ்பிட்ஃபயரை விற்றது. ஜப்பானில் ஷிஸுவோக்கா நகரத்துத் தாமியா, 1946இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கி, மர மாதிரிகள் வழியாக 1960 வாக்கில் பிளாஸ்டிக்குக்கு வந்தது.

இந்த வரலாற்றின் நடுவில், விடைகள் பலவற்றைச் சிக்கலாக்கும் ஒரு நிகழ்வு இருக்கிறது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களைக் கொண்டு ஐந்து லட்சம் விமான மாதிரிகளைச் செய்விக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அளவு அதே 1/72. வானில் தெரியும் நிழலுருவைப் பார்த்து எதிரியா நம்மவரா என்று நொடிப்பொழுதில் சொல்லப் படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவை தேவைப்பட்டன. சிகாகோவின் க்ரூவர் தொழிற்சாலை பின்னர் அவற்றைப் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தந்தது. விளையாட்டுக்காகத் தோன்றிய அளவு போர்க்கருவியாகி, போர் முடிந்ததும் மறுபடி விளையாட்டுக்குத் திரும்பியது.

பொம்மை என்னும் விடை

மிகப் பழைய விடையும் அரசுகள் இன்றும் கடைப்பிடிக்கும் விடையும் இதுதான். சுங்க வரிக்கான உலகப் பொது வகைப்பாட்டில் 9503 என்னும் தலைப்பு பொம்மைகளுக்கு உரியது. அளவு மாதிரிகளும் அதே தலைப்புக்குள்தான் வருகின்றன. ஆனால் 'இதர பொம்மைகள்' என்பதற்குள் கரைந்துவிடாமல் தனிப்பெயரோடு நிற்கின்றன. பட்டியலை எழுதியவர்களுக்கே சிறிது தயக்கம் இருந்திருக்கும் போலும்.

இந்தியாவில் இந்த வகைப்பாட்டின் விளைவு நேரடியானது. பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020 நிதிநிலை அறிக்கையில் 20 விழுக்காட்டிலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் உயர்ந்தது. நல்ல கிட்கள் பெரும்பாலும் ஜப்பான், பிரிட்டன், செக் குடியரசு, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருபவை. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதற்காகப் போடப்பட்ட வரி, உள்நாட்டில் போட்டியே இல்லாத ஒரு பொருளின் விலையையும் ஏற்றிவிட்டது. 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணையோ 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கான பொருள் என்று பொம்மையை வரையறுக்கிறது. பதிவுபெற்ற கைவினைஞர் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அந்த ஆணையிலிருந்து விலக்கு கிடைத்தது. ஆக ஒரு சட்டம் பொருளைப் பார்க்கிறது. இன்னொன்று பயன்படுத்துபவரின் வயதையும் செய்பவரின் தகுதியையும் பார்க்கிறது. பொம்மை எது என்பதில் அரசின் விடைகளே ஒன்றாக இல்லை.

சிந்தனையாளர்களிடம் இந்த விடை இருவேறு திசைகளில் வளர்ந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' நூலில் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் விதிகளை வகுத்தார். உண்மைப் போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதல் உலகப்போர் வெடித்தது. ரோலான் பார்த் 1957இன் 'மித்தாலஜீஸ்' தொகுப்பில், அன்றைய பிரெஞ்சுப் பொம்மைகள் பெரியவர்களின் உலகத்தை அப்படியே சுருக்கித் தருவதால் குழந்தையைப் படைப்பவராக ஆக்காமல் பயன்படுத்துபவராக மட்டும் ஆக்குகின்றன என்று குறை சொன்னார். கிட்டின் மீது இந்தக் குறை பாதிதான் ஒட்டும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் விளையாட அதில் எதுவும் இல்லை. முடிந்த பிறகும் பெரும்பாலும் யாரும் அதை வைத்து விளையாடுவதில்லை. தொட்டால் ஏரியல் கம்பி ஒடியும். விளையாட்டு என்று எதையாவது சொல்வதானால் அது செய்யும் நேரத்தில்தான் இருக்கிறது. பொம்மை என்னும் விடையின் பெரிய பலவீனம் இதுவே.

ஆவணம் என்னும் விடை

தேர்ந்த மாதிரிக் கலைஞர்கள் இந்தத் தரப்பைத்தான் பெரிதும் முன்வைக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட விமானம், ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட விமானியின் கையில் எப்படி இருந்தது என்பதை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறோம் என்பது அவர்கள் கூற்று. இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. பவுல்ட்டன் பால் டெஃபையன்ட் விமானங்கள் ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. முழுமையாக எஞ்சியிருப்பது பிரிட்டிஷ் விமானப்படை (ஆர்.ஏ.எஃப்.) அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றே ஒன்று. அந்த விமானத்தைச் சுற்றி நடந்து பார்த்தவர்களைவிட அதன் கிட்டை ஒட்டிப் பார்த்தவர்களே உலகில் அதிகம் இருக்கக்கூடும்.

டெஃபையன்டை எடுத்துக்காட்டாகச் சொல்ல வேறு காரணமும் உண்டு. அதன் மாதிரிகளில் பலமுறை காணப்படும் 'பி.எஸ்.' என்ற குறியெழுத்துகள் 264ஆம் ஸ்குவாட்ரனுக்கு உரியவை. அந்தப் படைப்பிரிவின் முழுப்பெயர் '264 (மெட்ராஸ் பிரசிடென்ஸி) ஸ்குவாட்ரன்'. ஹரிக்கேன் ஓட்டிய 79ஆம் ஸ்குவாட்ரனும், ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234ஆம் ஸ்குவாட்ரனும் அதே பெயரைத் தாங்கின. சென்னை மாகாணம் விமானங்களுக்காகப் பிரிட்டனுக்கு அளித்த பணத்தின் நினைவாக இட்ட பெயர் அது. 79ஆம் ஸ்குவாட்ரன் 1942இல் இந்தியாவுக்கு வந்து பர்மாப் போர்முனையில் பறந்தது.

இங்கேதான் ஆவணம் என்னும் வாதத்தின் வலுவும் குறையும் ஒருசேரத் தெரிகின்றன. டிகால் தாளில் உள்ள இரண்டு எழுத்துகள் தமிழ்நாட்டு வரலாற்றுக்குள் வாசல் திறக்கின்றன; ஆனால் வாசலோடு நின்றுவிடுகின்றன. மக்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் சேர்த்ததை எதிர்த்து ராஜாஜியின் அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. போருக்கு ஆளாலும் பணத்தாலும் உதவுவது தவறு என்று பேசியே சிறை செல்லும் தனிநபர் சத்தியாகிரகம் 1940 அக்டோபர் 17இல் தொடங்கியது. ஒரே மாகாணத்தில் ஒருபுறம் போர் நிதி திரண்டது, மறுபுறம் அதைக் கொடுக்காதே என்றவர்கள் சிறைக்குப் போனார்கள். மாதிரியின் இறக்கையில் இதற்கு இடமில்லை. 1940 மே 29இல் டன்கர்க் வானில் ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக 264 கோரியதும், ஜெர்மன் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது அது பெரிதும் மிகைப்பட்ட எண் எனத் தெரிந்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் பேரிழப்புக்குப் பின் டெஃபையன்ட் பகல் சண்டையிலிருந்து விலக்கப்பட்டதும் அப்படியே. மாதிரி தோற்றத்தைப் பதிவு செய்கிறது. நிகழ்வை உடன் வைக்கும் குறிப்புதான் சொல்ல வேண்டும்.

தோற்றத்திலும் உறுதி குறைவு. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் தாக்கிய ஜப்பானிய 'ஜீரோ' விமானங்களின் நிறம் என்ன? எஞ்சிய துண்டுகளை ஆராய்ந்தவர்களில் ஒரு தரப்பு, சாம்பலில் மஞ்சட்பழுப்புச் சாயல் கலந்த நிறம் என்கிறது. மறுதரப்பு அந்தச் சாயல் பூச்சு முதிர்ந்ததால் வந்தது, முதலில் இருந்தது வெறும் சாம்பல் என்கிறது. கருப்பு-வெள்ளைப் படங்களும் முடிவு தருவதில்லை. சிவப்புக்கு உணர்வற்ற பழைய ஃபிலிம்களில் சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிறியும் விழும். ஆகையால் படத்தில் தெரியும் சாம்பல் அளவைக் கொண்டு நிறத்தைச் சொல்வது ஆபத்தான ஊகம். இவற்றோடு ஒளியின் சிக்கலும் சேர்கிறது. உண்மை விமானத்தைத் தள்ளி நின்று பார்க்கும்போது இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்கிறது. அதனால் சிறிய மாதிரிக்கு மூல நிறத்தை அப்படியே பூசாமல் சற்று வெளுத்துப் பூச வேண்டும் என்று ஒரு தரப்பு 1970கள் முதல் வாதிட்டு வருகிறது. அளவுகோலால் அளக்க முடிந்ததைப் பார்வைக்காக மாற்றலாமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இன்றும் தீரவில்லை.

நிச்சயமாகத் தெரிந்தவையும் உண்டு. தென்கிழக்காசியப் போர்முனையில் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுச் சிவப்பு நீக்கப்பட்டது. ஜப்பானின் சிவப்புச் சூரியனோடு குழப்பம் வரக்கூடாது என்பதே காரணம். 1965 போரில் இந்தியாவின் நாட் விமானங்கள் பூச்சற்ற உலோக நிறத்தில் பறந்தன. 1971இல் உருமறைப்பு வண்ணத்தில் பறந்தன. 1971 டிசம்பர் 14இல் ஸ்ரீநகரில் நாட் ஓட்டி வீழ்ந்து பரம் வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் சேகோனின் விமானத்தை வெள்ளி நிறத்தில் பூசினால் அது தவறு. இப்படிச் சரி தவறு சொல்ல முடிவதால்தான் ஆவண வாதத்தை எளிதில் தள்ளிவிட முடிவதில்லை.

ஆனால் எது ஆவணமாகிறது என்பதைத் தீர்மானிப்பது சந்தை. ஸ்பிட்ஃபயருக்கும் மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கும் எல்லா அளவிலும் கிட்கள் குவிந்து கிடக்கின்றன. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய எச்.எஃப்-24 மாருத் ஜெட் போர் விமானம் 1961 ஜூன் 17இல் முதலில் பறந்தது. 1971 போரில் சண்டையிட்டது. அதைக் கட்ட விரும்புபவருக்குச் சிறு எண்ணிக்கையில் வார்த்த ரெசின் கிட்களைத் தேடி அலைவதைத் தவிரப் பெரிதாக வழியில்லை. ஓர் எஃகு அச்சுக்கு ஆகும் முதலீட்டை மீட்கப் பல்லாயிரம் பெட்டிகள் விற்றாக வேண்டும். வாங்க ஆளில்லாத நாட்டின் விமானம் மறதிக்குள் போகிறது.

கைவினை என்னும் விடை

எல்லா விடைகளிலும் அதிகம் தாக்கப்பட்டது இதுதான். தாக்குதலின் கூர்மையான வடிவம் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கெல்பரின் 1999 நூலான 'ஹாபீஸ்'இல் இருக்கிறது. பொழுதுபோக்குகள் வேலை உலகின் மனப்பாங்கை ஓய்வு நேரத்துக்குள் கொண்டுவருகின்றன என்பது அவர் பார்வை. அந்த வழியில் பார்த்தால், எண்ணிட்ட உறுப்புகளைச் சொன்ன வரிசையில் பொருத்தும் கிட், தொழிற்சாலைப் பொருத்துவேலையின் வீட்டு வடிவம். வடிவத்தைத் தீர்மானித்தவர் அச்சு வெட்டியவர், ஒட்டுபவர் கட்டளையை நிறைவேற்றுபவர்.

காஞ்சிபுரம் இதற்கு வைத்திருக்கும் மறுப்பு கனமானது. இங்குள்ள பட்டு நெசவாளர் பூவையும் யாளியையும் அன்னத்தையும் தானாகக் கற்பனை செய்து நெய்வதில்லை. வரைகலைஞர் கட்டத்தாளில் வரைகிறார். அது அட்டைகளில் துளையாக மாறுகிறது. ஜக்கார்டு இயந்திரம் அந்தத் துளைகளின்படி பாவு இழைகளைத் தூக்குகிறது. ஜக்கார்டுக்கு முன்பிருந்த 'அடை' முறையிலும் வடிவம் முன்கூட்டியே நூலில் கட்டப்பட்டிருந்தது. சாயம் ஏற்றுபவர் வேறு, பாவு ஓட்டுபவர் வேறு. ஆனாலும் நெசவாளரின் வேலை கைவினை இல்லை என்று இந்த ஊரில் யாரும் சொல்லத் துணிவதில்லை. இந்தியச் சட்டமும் சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட வகைச் சேலைகளை விசைத்தறியில் நெய்வதைத் தடுக்கிறது. செய்யும் முறைக்கே தனி மதிப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளும் சட்டம் அது.

கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1909இல் வெளியிட்ட 'தி இண்டியன் கிராஃப்ட்ஸ்மேன்' நூலில் இதற்குக் கொள்கை வடிவம் கொடுத்தார். வழிவழியாக வந்த வடிவத்தை மீண்டும் செய்வது இந்தியக் கைவினைஞருக்குக் குறையாக இருந்ததில்லை. தனித்துவத்தைத் தேடுவது அவருடைய நோக்கமும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. இதை ஏற்றால், குறிப்புத்தாளைப் பின்பற்றுவதாலேயே கிட் வேலை தாழ்ந்தது என்ற வாதம் நிற்காது.

பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் டேவிட் பை 1968இல் முன்வைத்த பாகுபாடு இன்னும் பயனுள்ளது. விளைவு முன்கூட்டியே உறுதியாகிவிட்ட வேலை ஒன்று. செய்பவரின் கவனமும் கைப்பழக்கமும் தவறினால் ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகக்கூடிய வேலை இன்னொன்று. பெரும்பாலான வேலைகளில் இரண்டும் கலந்திருக்கும். காஞ்சிபுரம் சேலையில் பூவின் வடிவம் முதல் வகை. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்து இணைக்கும் கோர்வை இரண்டாம் வகை. பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து, ஒவ்வோர் ஊடையிலும் இரு நிற இழைகளும் ஒரே இடத்தில் கோத்துக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தானைப் பாவை உடற்பாவோடு பிணைப்பதும் அப்படித்தான். கொலு பொம்மைக்கும் இது பொருந்தும்: காகிதக் கூழை அச்சில் அழுத்தி எடுப்பது உறுதி; முன்பாதியையும் பின்பாதியையும் பொருத்தி, இணைப்பு தெரியாமல் தேய்த்து, முகத்துக்கு வண்ணம் தீட்டுவது கையைப் பொறுத்தது.

கிட்டின் நிலையும் வியக்கும்படி இதேதான். உடற்பகுதி இடம், வலம் என இரண்டு பாதிகளாக வருகிறது. அவற்றை ஒட்டிய தழும்பு முதுகிலும் வயிற்றிலும் ஓடும். புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அந்தத் தழும்பை அழிக்கும்போது அருகிலுள்ள தகட்டுக்கோடுகளும் அழிந்துவிடும். அவற்றை ஊசியால் மறுபடி கீற வேண்டும். தெளிந்த விமானியறைக் கூண்டில் விரலில் ஒட்டிய பசை பட்டால் மூட்டம் போட்டுவிடும், திரும்பாது. ஏர்பிரஷ்ஷில் வண்ணம் நீர்த்தால் ஓடும், கெட்டியானால் தூவலாக விழும். அச்சு வெட்டியவர் இவற்றில் எதையும் செய்து தர முடியாது. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பேர் கட்டும் ஸ்பிட்ஃபயர்கள் ஒன்றாக இருப்பதில்லை என்பதே போதிய சான்று.

எனினும் இந்த ஒப்புமையை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. கிட்டைக் கெடுத்தவர் இன்னொரு பெட்டி வாங்கலாம். தறியில் பிழை வந்தால் பட்டும் சரிகையும் நாள் கூலியும் நெசவாளர் தலையில் விழுகின்றன. ஒருவருக்கு ஓய்வு, மற்றவருக்குச் சோறு. நெசவுத்திறன் பல ஆண்டுகள் குடும்பத் தறியில் உட்கார்ந்து வந்தது; அதன் பின்னால் சாதியும் கடனும் கூட்டுறவுச் சங்கமும் இருக்கின்றன. கைவினை என்ற ஒரே பெயரை இரண்டுக்கும் வைப்பதால் செய்முறையின் தன்மை விளங்குகிறது, வாழ்க்கைநிலை ஒன்றாகிவிடாது. இக்கட்டுரையின் கணிப்பில் கைவினை வாதம் செய்முறை என்ற அளவில் வெல்கிறது, அதற்கு அப்பால் செல்லுபடியாகாது.

அளவு சரியானால் உண்மையா?

க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல், சிற்றுரு மாதிரி நமக்குப் பகுதிகளுக்கு முன்பே முழுமையைத் தருகிறது என்று எழுதினார். பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாகவே அறிகிறோம். சுருங்கிய பொருள் ஒரே பார்வையில் அகப்படுகிறது. கிட் இதைத் தலைகீழாக்குகிறது என்று ஆட்சேபிக்கலாம். முதலில் கைக்கு வருவது பகுதிகள்தாம். ஆனால் பெட்டி மேல் ஓவியம் இருக்கிறதே. 1964 முதல் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளுக்கு ராய் கிராஸ் வரைந்தவை போன்ற ஓவியங்கள் முழுமையை முன்கூட்டியே காட்டிவிடுகின்றன.

கூடுதல் சிக்கல் அளவிலேயே இருக்கிறது. போர் விமானத்தின் அலுமினியத் தோல் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. கிட்டின் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அதே தடிப்பு. 1/72இல் அது ஏழு சென்டிமீட்டர் தகட்டுக்குச் சமம். மேற்பரப்பில் 0.1 மில்லிமீட்டர் அகலத்தில் கீறிய தகட்டுக்கோடு, உண்மை விமானத்தில் ஏழு மில்லிமீட்டருக்கும் அதிகமான இடைவெளி. கோடே இல்லாமல் விட்டால் விமானம் போலத் தோன்றாது. இருந்தால் அளவு பொய்யாகும். மாதிரிக் கலைஞர்கள் இரண்டாவதைத் தேர்கிறார்கள்.

பல்லவச் சிற்பிகள் இந்தத் தேர்வை ஒளிக்கவே இல்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுத்த கைலாசநாதர் விமானத்தில் மூலைகளில் கர்ணகூடங்கள், நடுவில் சாலைகள், இடையில் பஞ்சரங்கள்: எல்லாம் முழுக் கட்டடங்களின் சிற்றுருவங்கள். அவை எதுவும் ஒரே விகிதத்தில் சுருக்கப்பட்டவை அல்ல. கூரையும் கழுத்தும் சுவரும் எந்தக் கட்டடம் என்று அடையாளம் காட்டும் அளவுக்கு இருந்தால் போதும் என்பது அந்த முறை. கொலுப் படியிலும் யானையைவிடப் பெருமாள் பெரிதாக இருப்பார். சீரான விகிதமே உண்மைக்கு ஒரே அளவுகோல் என்பது பொறியியல் வரைபடக் காலத்தின் நம்பிக்கை; தெரிந்தே மீறப்படும் நம்பிக்கையும்கூட.

அழகான கொலைக் கருவி

நான்காவது விடை அறம் சார்ந்தது. ஸ்வீடனில் 1979இல் அரசும் பொம்மை வணிகமும் செய்துகொண்ட உடன்பாட்டால் போர்ப் பொம்மை விற்பனை கைவிடப்பட்டது. ஜெர்மனியில் நாஜிச் சின்னத்துக்குத் தடை இருப்பதால் கிட் பெட்டிகளில் அந்த டிகால் இருப்பதில்லை, அல்லது துண்டுகளாகப் பிரித்து வைக்கிறார்கள். சின்னத்தை நீக்கினால் வரலாறு பொய்யாகிறது என்கிறார்கள் ஆவணத் தரப்பினர். வைத்தால் அந்தச் சின்னம் அழகுபெறுகிறது என்கிறார்கள் மறுதரப்பினர். இரண்டு அச்சங்களும் நியாயமானவை.

சென்னைக்கு அருகே ஒரே வளாகத்தில் இந்த இக்கட்டு முன்பே நடந்திருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் தம் ஆசிரியர்களைப் பற்றி அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதுகிறார். நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டிருந்த ஆஸ்திரியரான பேராசிரியர் ஸ்பாண்டர் அவர்களில் ஒருவர். ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் இன்னொருவர். பின்னர் பெங்களூர் சென்று மாருத்தை வடிவமைத்தவர் இவரே. இன்று மிக விரும்பிக் கட்டப்படும் கிட்களுள் ஃபோக்கே-வுல்ஃப் 190 ஒன்று. இயந்திரத்தின் அழகையும் அது யாருக்காகப் பறந்தது என்பதையும் பிரித்துப் பார்க்கலாம் என்பவருக்கு டாங்க் சான்று. முடியாது என்பவருக்கு ஸ்பாண்டர் சான்று.

தமிழ் வாசகருக்கு இந்த விடை இன்னும் நெருக்கமானது. இலங்கை விமானப்படை 1996 முதல் பயன்படுத்திய கிபிர் ஜெட்டின் பெயர் ஈழத்துப் பேச்சில் குண்டுவீச்சின் பெயராகவே நிலைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1995 ஜூலை 9இல், நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது நடந்த விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிபிருக்கு அளவு மாதிரிக் கிட்கள் உண்டு. ஓடி ஒளிந்தவர்களின் பிள்ளைகள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கு ஆவண வாதமும் கைவினை வாதமும் விடை தருவதில்லை. ஐரோப்பாவில் உருவான வாதங்கள் மேலிருந்து பார்க்கும் விமானியின் பக்கம் நிற்பவை. கீழே இருந்து பார்த்தவர்களின் பார்வையை அவை கணக்கில் எடுக்கவில்லை. ஸ்பிட்ஃபயரைக் கட்டும் பிரிட்டிஷ் சிறுவனுக்கு அது காப்பாற்றிய விமானம். எல்லா ஊர்களிலும் விமானம் காப்பாற்றவில்லை. இந்தத் தரப்பின் பலவீனம் என்று சொல்வதானால், மாதிரி கட்டுபவர்கள் போரை விரும்புபவர்களாக ஆகிறார்கள் என்பதை அது உறுதியாகக் காட்டவில்லை. ஆனால் வலியை அலமாரியில் வைக்கக் கூடாது என்ற அதன் மைய வாதத்துக்கு அந்தச் சான்று தேவைப்படவில்லை.

எஞ்சி நிற்பவை

பொம்மை என்பது சட்ட வசதிக்கான விடை. அதற்கு மேல் அது விளக்குவது சொற்பம். கைவினை என்பது செய்முறையைப் பொறுத்தவரை நிலைநாட்டப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம். முப்பரிமாண அச்சு வீட்டு மேசைக்கு வந்துவிட்டதால், எஃகு அச்சின் முதலீடு இல்லாமலே மாருத் போன்றவற்றைச் செய்ய வழி திறக்கிறது. அப்போது வடிவமைப்பவரும் கட்டுபவரும் ஒருவரே ஆகலாம். அது பழைய வாதத்தை முடிக்குமா, வேறொன்றைத் தொடங்குமா என்று இப்போது சொல்வதற்கில்லை. அறம் சார்ந்த கேள்வி திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வோர் ஊரிலும் அதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆவணம் என்னும் விடை மட்டும் நம் கையில் இருக்கிறது. அரக்கோணம், தாம்பரம், சோழவரம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், சூலூர் ஆகிய போர்க்கால ஓடுதளங்களில் நின்ற விமானங்களின் குறியெழுத்தும் நிறமும் அங்கு வேலை செய்தவர்களின் குடும்பப் படங்களில் ஓரமாகப் பதிந்திருக்க வாய்ப்புண்டு. அத்தகைய படம் உங்கள் வீட்டில் இருந்தால், பின்பக்கத்தில் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒரு நல்ல ஸ்கேன் எடுத்து எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ டெல்லி பாலத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள்.